தூண்டில் முள்ளின் பதம்

மீனையும் தூண்டிலையும் உவமையாக எடுத்துக்கொள்ளாத சமயத்தைக் காண்பது அரிது. அவ்வுவமையில் தூண்டில் முள்ளைச் செய்தவனுக்கு ஓர் இடம் கொடுத்த சமயத்தைக் காண்பது அதனினும் அரிது. திருக்குறளின் சூது அதிகாரத்தைத் தொடங்கி வைக்கும் 931-ஆம் குறளில், சூதாடி பெற்ற வெற்றியே மீன் விழுங்கிய முள்ளாகிறது. அங்கே முள்ளின் உலோகத்துக்கு வள்ளுவர் ஆளும் சொல் ‘பொன்’ என்பதாயினும், பரிமேலழகர் அதற்கு இரும்பு என்றே பொருள் கொள்கிறார். பாலி மொழியிலுள்ள பௌத்த நூலாகிய சம்யுத்த நிகாயத்தில், ஆதாயமும் புகழும் இரை கோத்த முள்ளாகவும், அவற்றை நாடும் துறவி மீனாகவும், மாரன் தூண்டிற்காரனாகவும் வருகின்றனர். 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி நாட்டுப் பகுதியில் வாழ்ந்த கிறித்தவ ஆயரான நீசாவின் கிரகோரியார் இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார். அவருடைய விளக்கத்தில் இறைவனே தூண்டிற்காரர், கிறிஸ்துவின் மனித உடல் இரை, அதனுள் மறைந்திருந்த இறைத்தன்மை முள், ஆசைப்பட்டு விழுங்கி அகப்பட்டுக்கொண்ட மீன் சாத்தான். மூன்று உவமைகளிலும் பழி மீனின் ஆசைமீதே விழுகிறது. முள் எங்கிருந்தோ வந்து தண்ணீரில் தொங்குகிறது. அதை யார் காய்ச்சினார், யார் வளைத்தார், யார் கூராக்கினார் என்று எவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியே இக்கட்டுரையின் பொருள். உயிரைப் பிடிக்கும் கருவியைத் தன் கையால் செய்பவன், மீன் கடிப்பதற்கு முன்பே, தூண்டில் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே, அந்த உயிரின் முடிவில் பங்காளியாகிவிடுகிறானா, அல்லது அவன் செய்தது வெறும் வளைந்த கம்பி மட்டும்தானா என்பது, பார்வைக்குச் சிறியதாயினும் வினைக்கொள்கையின் அடித்தளத்தைத் தொடும் கேள்வியாகும்.

தமிழ் மொழி தன் போக்கில் ஒரு விடையைச் சொல்லிவைத்திருக்கிறது. ‘தூண்டில்’ என்பது ‘தூண்டு’ என்னும் வினையிலிருந்து வந்த பெயர். திரியைத் தூண்டுவதும், ஒருவரைக் குற்றத்துக்குத் தூண்டுவதும், மீனை இரைக்குத் தூண்டுவதும் ஒரே வினைச்சொல்லில் அடங்குகின்றன. நீதிமன்றச் செய்திகளில் நாள்தோறும் அடிபடும் தூண்டுதல் என்னும் குற்றப்பெயரும், ஏரிக்கரையில் கிடக்கும் கோலின் பெயரும் உடன்பிறந்தவை. ‘கொல்’ என்னும் பெயர்ச்சொல் பழந்தமிழில் இரும்பையும் கொல்லுத் தொழிலையும் குறிக்க, அதே ஒலியுடைய வினைச்சொல் உயிர்போக்குதலைக் குறிக்கிறது. இரண்டையும் ஒரே வேரில் கட்டலாமா என்பது மொழியியலார் தீர்க்க வேண்டிய வழக்கு என்றாலும், கொல்லனின் பட்டறை வாசலில் நிற்பவர் காதில் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் போன்ற எல்லைப்புறப் பகுதிகளில் தமிழோடு கலந்து வழங்கும் தெலுங்கில் இந்தக் கருவிக்குப் பெயர் ‘காலம்’, கன்னடத்தில் ‘காள’. முதலெழுத்தை அவ்விரு மொழியினரும் அழுத்தி ஒலிப்பதால் அவர்களுக்குக் குழப்பமில்லை. தமிழெழுத்தில் எழுதியவுடன் அது நேரத்தையும் நமனையும் நினைவூட்டும் சொல்லாகிவிடுவது வேடிக்கையான தற்செயல்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர், இந்தக் கேள்வியை வைத்துப் பார்ப்பதற்குப் பொருத்தமான இடம். தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே உள்ள நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நீர் பெறும் பாரூர் பெரிய ஏரி, நெல் வயல்களுக்கு மட்டுமன்றி மீனுக்கும் பெயர்பெற்றது. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நன்னீர் மீன்வளர்ப்பு மையம் ஒன்றும் இவ்வூரிலேயே இயங்குகிறது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், கட்லா, ரோகு, கெளுத்தி, விரால், 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை ஆகியவற்றை அறிந்த மக்கள் வாழும் இந்நிலம், இரும்பையும் மிகப் பழங்காலத்திலிருந்தே அறிந்தது. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரிகள் கி.மு. 2172-ஐச் சேர்ந்தவை என்று காலக்கணிப்பு காட்டியதை 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. தமிழகத்தில் இரும்பின் தொடக்கத்தை மேலும் பின்னுக்குத் தள்ளும் சிவகளை முடிவுகள் 2025-இல் வெளிவரும்வரை அதுவே பெரிதும் பேசப்பட்டது. நாலாயிரம் ஆண்டு இரும்பும் ஒரு பெரிய ஏரியும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது, முள் செய்பவனின் வினைக்கணக்கு ஏட்டுக் கேள்வியாக மட்டும் நின்றுவிடாது.

அந்த வினை என்ன என்பதை முதலில் தெளிவாகக் காண வேண்டும். முள்ளுக்கு எல்லாக் கம்பியும் உதவாது. வேலி கட்டும் கட்டுக்கம்பி, கொல்லர்கள் பச்சை இரும்பு என்று சொல்லும் மென்மையான வகை. அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கடினப்படாது, ஏனெனில் கடினத்துக்குக் காரணமான கரி அதில் மிகக் குறைவு. நூற்றுக்கு 0.6 பங்குக்கு மேல் கரி கலந்த எஃகு தோய்ச்சலுக்கு நன்கு இசையும். தைக்கும் ஊசி, சுருள்வில் கம்பி, பழைய குடைக்கம்பி ஆகியவற்றை வீட்டிலே முள் செய்பவர்கள் நாடுவது அதனால்தான். எஃகைக் கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டால், அது வெட்டவும் வளைக்கவும் இணங்கும் அளவுக்கு இளகும். அதன் பிறகு அரத்தால் கூர் பிடித்து, கூருக்குச் சற்று உள்ளே உளியால் சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, வெட்டிய செதிளை நிமிர்த்தினால், உள்ளே நுழைந்ததை வெளியே வரவிடாத எதிர்முள் உருவாகிறது. பலகையில் அடித்த ஆணியைச் சுற்றிக் கம்பியை வளைத்து, மறுமுனையை நரம்பு கட்டுவதற்குத் தட்டையாக்கினாலோ காதாகச் சுருட்டினாலோ வடிவம் முடிகிறது. வடிவம் முடிந்தாலும் அது இன்னும் முள் ஆகவில்லை. பெரிய மீன் ஒன்று இழுத்தால் விரல் நேராவதுபோல் நேராகிவிடும் கம்பி அது.

கம்பியை முள்ளாக்குவது தோய்ச்சல். வளைத்த கம்பியை மீண்டும் ஏறத்தாழ 780 முதல் 800 பாகை செல்சியசுக்கு, அதாவது பழுத்த செந்நிறத்துக்குக் காய்ச்ச வேண்டும். அந்த வெப்பத்துக்குச் சற்று முன்னரே, 770 பாகையளவில், இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழந்துவிடுவதால், வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு காந்தத் துண்டே அளவுகோலாகிறது. நெருப்பிலிருந்து எடுத்த நொடியில் எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால், இரும்பின் அணுக்களுக்கிடையே கரைந்திருந்த கரி வெளியேற நேரமின்றி உள்ளேயே சிறைப்பட்டு, அணுக்களின் அடுக்கை முறுக்கி, எஃகைக் கண்ணாடிபோல் கடினமாக்குகிறது. அவ்வாறு கடினப்பட்ட முள் கண்ணாடி வளையல்போல் முறியவும் செய்யும். எனவே அதன் கடினத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துவிட வேண்டும்: கருப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய முள்ளை, கடலை வறுக்கும் சட்டியில் சூடேறிய மணல்மேல் வைத்தால், எஃகின் மேல் படரும் துரு ஏடு தடிக்கத் தடிக்க ஒளியைச் சிதைத்து நிறங்களைக் காட்டும், 220 பாகையில் வைக்கோல் மஞ்சள், 255-இல் பழுப்பு, 280-இல் கத்தரிப்பூ நிறம், 300-இல் நீலம். கத்திக்கு மஞ்சள் போதும். வளைந்தும் முறியாமல், விட்டதும் பழைய வடிவுக்கே திரும்ப வேண்டிய முள்ளுக்கு நீலத்தின் ஓரம் வரை போக வேண்டும். மெல்லிய கம்பியாதலால் மஞ்சளிலிருந்து நீலத்துக்குச் சில நொடிகளே ஆகும். கூர்முனை உடம்பைவிட முந்திச் சூடேறும். நீலம் கடந்து சாம்பல் நிறம் தட்டிவிட்டால் பதம் போய்விட்டது, உலையில் மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

பதம் என்னும் அச்சொல்லின் மேல் சற்று நிற்பது தகும். சோற்றுக்கும் பாகுக்கும் மண்ணுக்கும் இரும்புக்கும் தமிழில் பதம் உண்டு. அது அளவு அன்று, இரண்டு கேடுகளுக்கிடையே உள்ள ஒரு நிலை. தூண்டில் முள்ளின் பதத்தில் அவ்விரு கேடுகளும் மீனின் உடம்பிலேயே நிகழ்கின்றன. அளவுக்கு மீறிக் கடினமான முள், மீன் திமிறும்போது முறிந்து தொண்டையில் தங்கிவிடும். அளவுக்குக் குறைந்து இளகிய முள் நிமிர்ந்து, வாயைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும். ஆகவே மணற்சட்டியின் முன் குனிந்து நீலத்துக்காகக் காத்திருப்பவர், எடை எவ்வளவு, வாய் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் திரும்பி இழுக்கும் என்று இனிமேல் வரப்போகும் ஒரு மீனை ஏற்கெனவே மனத்தில் கொண்டிருக்கிறார். கெண்டைக்குச் செய்யும் முள்ளும் விராலுக்குச் செய்யும் முள்ளும் ஒரே பதத்தில் இரா. மீனைப் பற்றிய அறிவு இரும்புக்குள் புகுந்து உறையும் இடம் அந்த நொடியே. கருவி செய்பவருக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்னும் வாதம் வலுவிழப்பதும் அங்கேதான்.

இந்த நொடியை ஆராய்ந்து கணக்கெழுதிய ஒரே மரபு சமணம் என்று சொன்னால் மிகையாகாது. சமணத்தின் இரு பிரிவினரும் ஏற்கும் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், உயிரில் வினை வந்து ஒட்டுவதற்கு நிலைக்களனாக இருப்பதை ‘அதிகரணம்’ என்கிறது. கருவி என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். அதிகரணம் உயிருள்ளது, உயிரற்றது என இருவகைப்படும். உயிருள்ள கருவியாகிய மனிதன் செய்யும் வினையில், செய்வதென்று உறுதி கொள்ளுதல், அதற்கு வேண்டியவற்றைத் திரட்டுதல், செய்யத் தொடங்குதல் என மூன்று படிகள். ஒவ்வொன்றும் மனம், சொல், உடல் என மூன்று வழிகளில் நடக்கும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என அது மேலும் மூன்றாகும். சினம், செருக்கு, மாயம், பேராசை என்னும் நான்கு கசடுகளுள் ஒன்று அதை இயக்கும். மூன்றை மூன்றாலும், மீண்டும் மூன்றாலும், பின் நான்காலும் பெருக்க 108 வகை கிடைக்கிறது. இக்கணக்கில் ஊசியைத் தேடி எடுப்பதும் கரி மூட்டுவதும் திரட்டுதல் என்னும் இரண்டாம் படியிலேயே வினையாகிவிடுகின்றன. தூண்டிலுக்கே உரிய குற்றம் நான்கு கசடுகளுள் மாயத்தைச் சேர்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்; வலை வழிமறிக்கிறது, தூண்டில் பொய் சொல்கிறது.

சுவேதாம்பரர்களின் ஆகமமாகிய பகவதி சூத்திரம் இன்னும் நெருங்கிச் செல்கிறது. மகாவீரரின் தலைமாணாக்கருள் ஒருவரான மண்டிதபுத்திரர் வினவ, கருவி வழியாக வரும் வினையை மகாவீரர் இரண்டாகப் பிரிக்கிறார்: முன்பு இல்லாத கருவியைப் புதிதாக ஆக்குதல் ஒன்று, ஏற்கெனவே உள்ள உறுப்புகளை ஒன்றோடொன்று பூட்டுதல் மற்றொன்று. கம்பியை முள்ளாக்குவது முதல் வகை, முள்ளில் நரம்பையும் தக்கையையும் கட்டுவது இரண்டாவது வகை என்று இதைத் தூண்டிலுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அந்நூலின் 16-ஆம் பகுதி ஒரு பட்டடைக்கல்லின் முன்னேயே தொடங்குகிறது. உலையிலிருந்து குறட்டால் இரும்பை எடுக்கும் மனிதனை ஐந்து வகை வினைகள் தொடுகின்றன என்று கூறுவதோடு நில்லாமல், அந்த இரும்பும் உலையும் குறடும் கரியும் துருத்தியும் எந்த உயிர்களின் உடல்களால் ஆயினவோ அந்த உயிர்களையும் அவ்வினைகள் தொடுகின்றன என்று கூறி வியப்பூட்டுகிறது. சமணருக்கு மண்ணும் நெருப்பும் உயிருடையவை என்பதை மனத்திற்கொண்டால்தான் இக்கூற்று விளங்கும். மேலும், துறவு பூணாத உயிர் தன்னளவிலேயே ஒரு கருவி என்பது அங்கே எட்டப்படும் முடிவு. இல்லறத்தார் தவிர்க்க வேண்டியவையாகச் சுவேதாம்பர நூல்கள் அடுக்கும் பதினைந்து பிழைப்புகளுள் கரியடுப்பால் பிழைப்பது முதலில் நிற்கிறது; ஏரி குளங்களை வற்றச் செய்து பிழைப்பதும் அதே பட்டியலில் உண்டு. ஏரியை வற்றவைத்து மீனை அள்ளுவது இன்றும் கேள்விப்படாத செயல் அன்று என்பதை நினைத்தால், அந்தப் பட்டியலை எழுதியவர்கள் நீர்நிலைகளை நன்கு பார்த்தவர்கள் என்று தோன்றுகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்துக்கும் சமணம் அயலானதன்று. இன்றைய தருமபுரியாகிய தகடூரில் நுளம்பர் காலத்தில் சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டு காட்டுகிறது.

பௌத்தர் இக்கணக்கை ஏற்கவில்லை. எண்ணமே வினை என்பது அவர்கள் கொள்கை. மச்சிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், உடல், சொல், மனம் ஆகியவற்றுள் உடலின் செயலே கொடியது என்னும் நிகண்டரின், அதாவது சமணரின், கருத்தைப் புத்தர் மறுத்து, மனத்தின் செயலை முன்வைக்கிறார். இருப்பினும் பௌத்தமும் கருவியை முற்றிலும் விட்டுவிடவில்லை. இல்லறத்தார் செய்யத் தகாத ஐந்து வணிகங்களை அங்குத்தர நிகாயம் கூறுமிடத்தில் படைக்கலத்தையே முதலில் வைக்கிறது. ஆனால் அது வணிகத்தைத்தான் தடுக்கிறது. தனக்கென்று ஒரு முள்ளைச் செய்துகொள்பவரை அந்த விதி பிடிக்காது, அவருடைய எண்ணத்தைத்தான் கேட்க வேண்டும். தமிழில் இந்த வழக்கு நீலகேசியில் சூடுபிடிக்கிறது. உண்பவனுக்குக் கொலையில் பங்கில்லை என்னும் பௌத்தக் கட்சியைச் சமணப் பெண் வாதி நீலகேசி விடாமல் தாக்குகிறாள். கருவி செய்பவன் கட்சியும் அதே வகையானதே. ஒருவன் கொலைக்குப் பின்னால் நிற்கிறான், மற்றவன் முன்னால் நிற்கிறான், இருவரும் கொல்லும் கணத்தில் தாம் அங்கே இல்லை என்பதையே சான்றாகக் காட்டுகின்றனர்.

வைதிக, சைவ மரபுகள் வேறு வழியில் செல்கின்றன. மகாபாரதத்தின் வன பருவத்தில் மிதிலை நகரத்து இறைச்சிக் கடையில் அமர்ந்து கௌசிகன் என்னும் அந்தணனுக்கு அறம் உரைக்கும் தருமவியாதர், தாம் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்பதே தம் குலத்தொழில் என்கிறார். ஏர் உழுகிறவனும் மண்ணுக்குள் எண்ணற்ற உயிர்களைக் கொல்கிறான் என்று சேர்த்துச் சொல்லி, குற்றத்தை எல்லோர்க்கும் பங்கிட்டுவிடுகிறார். எல்லோர்க்கும் பங்கிட்ட குற்றம் எவர் கையிலும் கனக்காது. அந்த வாதத்தின் ஆற்றலும் குறையும் அதுவே. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார், வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுகிறார்; ஒரு நாள் பொன்மீன் ஒன்றே கிடைத்தபோதும் விட்டுவிடுகிறார். தொழில் அவரைத் தடுக்கவில்லை, தொழிலின் முதற்பயனைக் கைவிட்டதே அவரை அறுபத்து மூவருள் ஒருவராக்கியது. வலை முடைந்த கை பற்றி அங்கும் பேச்சில்லை.

ஆனால் நூல்களில் இல்லாதது வழக்கத்தில் இருக்கிறது. ஆயுத பூசையன்று ஓசூர் சிப்காட்டின் பெரிய ஆலைகளிலிருந்து தெருவோரப் பட்டறை வரை, கடைசல் எந்திரமும் ஸ்பேனரும் அரமும் கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பெற்று, அன்று ஒருநாள் வேலையின்றி இருக்கின்றன. கருவி வெறும் பொருள், பயன்படுத்துகிறவனிடமே நன்மை தீமை என்னும் இக்காலத்துப் பொதுக்கருத்துக்கு இந்த வழக்கத்தில் இடமில்லை. உயிரற்ற ஒன்றுக்கு ஓய்வு தர முடியாது. கருவியை வணங்கும் கம்மாளரும், கருவியை வினைக்குக் கூட்டாளியாக்கும் சமண ஆசிரியரும் நேரெதிர்த் திசைகளிலிருந்து ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர்: கருவி நடுநிலையானதன்று. இந்த நிலத்துக்கே உரிய ஒரு பழைய சாட்சியும் உண்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசப்பட்டுக் காவல் மனையில் கிடப்பதையும், தம் அரசனின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிடுவது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. புகழ்வதுபோல் பழிக்கும் அப்பாட்டில் கருவியின் மதிப்பு அலங்காரத்தில் இல்லை, பட்டறைக்குத் திரும்பி வந்ததில் இருக்கிறது. செய்தவன் கைக்குக் கருவி திரும்பி வருகிறது. எந்த உடம்பில் பட்டு முனை மழுங்கியது என்பதை அவன் அறிந்தாக வேண்டியிருக்கிறது.

அப்படித் திரும்பி வருவது நின்றுபோனதே இன்றைய நிலை. நார்வே நாட்டில் 1832-இல் தோன்றிய மஸ்டட் நிறுவனம் 1877 அளவில் தூண்டில் முள்ளைத் தானே வளைத்துக் கூராக்கும் எந்திரத்தைக் கண்ட பின், முள் உலகெங்கும் பெட்டிகளில் வந்தது. எந்திரத்தை இயக்குகிறவர் எந்த ஏரியையும் அறிய வேண்டியதில்லை. பாரூரைச் சுற்றியுள்ள தொழில் வட்டாரத்தில், ஓசூரின் வாகன ஆலைகளுக்கும் போச்சம்பள்ளி சிப்காட்டின் மின்வாகன ஆலைக்கும் உதிரிப்பாகம் அடிக்கும் சிறு பட்டறைகளில், ஒருவர் கம்பியை வெட்டுகிறார், மற்றொருவர் வளைக்கிறார், வேறோர் இடத்தில் அதற்கு வெப்பப் பதம் தரப்படுகிறது. செய்த பொருள் எங்கே போய்ச் சேரும் என்பது எவருக்கும் உரிய கேள்வியன்று. புலால் மறுத்தல் அதிகாரத்தின் 256-ஆம் குறள், தின்பவர் இல்லையெனில் விற்பவரும் இரார் என்று வாங்குகிறவன் பக்கமாகப் பழியை இழுத்துக் கட்டுகிறது. விலை என்னும் திரை, கொல்பவனையும் தின்பவனையும் பிரித்து, இருவர்க்கும் ஒரு சாக்கைத் தருகிறது என்பதை வள்ளுவர் கண்டிருந்தார். வீட்டில் முள் செய்பவர் அந்தத் திரையைக் கிழித்துவிடுகிறார். ஆக்கியவரும் பூட்டியவரும் எறிந்தவரும் உண்பவரும் ஒருவரே. சமணக் கணக்கில் இதைவிட நிறைந்த பற்று ஏடு இருக்க முடியாது, ஏனெனில் 108 வகைகளுள் பிறர் தலையில் தள்ளக்கூடியது எதுவும் மிஞ்சவில்லை. குற்றம் இதனால் குறைவதாகக் கொள்வது ஏமாற்று. ஆயினும் ஒருவரால் படித்து முடிக்கக்கூடிய கணக்கு இது ஒன்றே. கடையில் பத்து ரூபாய்க்கு முள் வாங்குபவரின் கணக்கு பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறது.

முள் செய்யும் முறையை ஆங்கிலத்தில் முதன்முதலாக அச்சில் விளக்கிய நூல் 1496-இல் வெளிவந்தது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னிமடத் தலைவி என்று மரபு சொல்கிறது, அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். ஊசியைக் கரித்தீயில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, கத்தியால் எதிர்முள்ளை நிமிர்த்தி, வளைத்து, மறுபடி சிவக்கவைத்துத் தண்ணீரில் முக்கும் வரிசை அங்கே இன்றைய முறைக்குப் பெரிதும் ஒத்து அமைந்திருக்கிறது. எழுதியவர் கன்னியரோ அல்லரோ, மீன்பிடித்தல் அந்நூலில் உணவுக்காக அன்றி உள்ளத்தின் அமைதிக்காகப் பரிந்துரைக்கப்படுகிறது. இங்குதான் சமணர் கேட்கும் கேள்வி கூர்மை பெறுகிறது. பயனின்றிச் செய்யும் தீங்கை அவர்கள் ‘அனர்த்த தண்டம்’ என்று தனியே பிரித்து, கொலைக்கருவியைப் பிறர்க்குக் கொடுப்பதையும் அதன் கீழ் அடக்கினர். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதன் வழிவந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பும் இதைப் பேசுகின்றன. பசிக்காகப் பிடிப்பதைவிட, பிடித்த மகிழ்ச்சிக்குப் பின் விட்டுவிடுவதற்காகப் பிடிப்பது இந்த அளவுகோலில் கனமான குற்றம்; உயிர் பிழைத்துப் போகிறதே என்னும் மறுமொழியைச் சமணர் ஏற்பார்களா என்பது ஐயமே. மீனுக்கு வலி உண்டா என்பதும் இனி வெறும் ஊகமன்று: 2003-இல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தைச் சார்ந்து லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீனின் முகத்தில், தீங்கை உணர்த்தும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். அந்த உணர்வு வலியாக அனுபவிக்கப்படுகிறதா என்பதில் அறிவியலார்க்குள் வழக்கு இன்னும் உண்டு என்றாலும், வள்ளுவரின் உவமையில் மீன் விழுங்கிய இடம் உணர்ச்சியற்ற இடமன்று என்பது உறுதியாகிவிட்டது.

ஆகவே முள் செய்பவரின் கையில் உண்மையான தேர்வுகள் மிகச் சிலவே, அவையும் சிறியவை. எதிர்முள்ளை வெட்டுவதா விடுவதா என்பது அவற்றுள் ஒன்று: வெட்டாத முள்ளில் மாட்டிய மீன் நழுவவும் கூடும், ஆனால் எடுக்கும்போது தாடை கிழியாது. மற்றொன்று வேலையின் கடைசியில் வருகிறது. நீலம் ஏறிய முள்ளை எண்ணெயில் தோய்த்துத் துடைத்த பின், துரு பிடிக்காதிருக்க அதன் மேல் ஈயம் பூசுவது வழக்கம். கடையில் வரும் முட்கள் துருப்பிடிக்காத எஃகிலும் செய்யப்படுகின்றன. நரம்பு அறுந்து முள் மீனின் வாயிலேயே தங்கிவிடுவது ஏரியில் அடிக்கடி நேர்வது. பூச்சில்லாத கரியெஃகு முள், தண்ணீரிலும் மீனின் உடம்பின் ஈரத்திலும் துருவேறி நாளடைவில் இற்று உதிரும்; துருப்பிடிக்காத முள் பல காலம் அங்கேயே கிடக்கும். இரும்பைத் தொழிலாகக் கொண்டவர் தலைமுறை தலைமுறையாகப் பகைத்துவந்த துரு, அந்த ஒரு முள்ளில் மட்டும் மீனின் பக்கம் நிற்கிறது. உலை அணைந்த பிறகு, ஆறிய முள்ளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஈயக் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றலாமா என்று பார்த்திருக்கும் கை, தான் இனி ஒருபோதும் காண முடியாத ஒரு மீனைப் பற்றி முடிவு செய்கிறது.